அமெரிக்க இலக்கியம்: ஒரு புத்தகத்துக்கு இரண்டு தேதிகள்

ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ நாவல் 1851 அக்டோபரில் முதலில் வெளிவந்தது அமெரிக்காவில் அல்ல, லண்டனில். பெயரும் அது இல்லை, ‘தி வேல்’ (திமிங்கிலம்). மூன்று பாகங்களாக வந்த அந்தப் பதிப்பில் கடைசியில் வரவேண்டிய பின்னுரை விடுபட்டுப்போனது. கப்பல் மூழ்கி எல்லோரும் மாண்டபின் கதைசொல்லி மட்டும் எப்படிப் பிழைத்தான் என்பது அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அது இல்லாமல் படித்த விமர்சகர்கள், ‘எல்லோரும் செத்துவிட்டால் இந்தக் கதையைச் சொல்வது யார்?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அடுத்த மாதம் நியூயார்க்கில் பின்னுரையோடு வந்த பதிப்பும் பெரிதாக விற்கவில்லை. மெல்வில் உயிரோடு இருந்தவரை விற்றது 3,000 பிரதிகளுக்குச் சற்று மேல். பிழைப்புக்காக நியூயார்க் துறைமுகத்தில் 19 ஆண்டுகள் சுங்க ஆய்வாளராக இருந்துவிட்டு 1891இல் இறந்தார். அவரை நாடு ‘கண்டுபிடித்தது’ 1920களில்.

அமெரிக்க இலக்கிய வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் பக்கத்து ஓரத்தில் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம்: அச்சான ஆண்டு, வாசிக்கப்படத் தொடங்கிய ஆண்டு. இரண்டுக்கும் நடுவே சில சமயம் எழுபது ஆண்டுகள் கிடக்கின்றன. பாடப்புத்தகங்கள் முதல் தேதியை மட்டும் தருவதால், 1850களில் பாஸ்டன் வீதிகளில் எல்லோர் கையிலும் மெல்வில் இருந்தார் என்று நம்பிவிடுகிறோம். அவர்கள் கையில் இருந்தது ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’. 1852இல் நூலாக வந்து முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் போனது.

அமெரிக்க எழுத்தாளர்கள் தலையெடுக்கத் தாமதமானதற்குச் சட்டம் ஒரு காரணம். 1891 வரை அந்த நாட்டில் வெளிநாட்டு நூல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. இங்கிலாந்தின் டிக்கன்ஸ் நாவலை ஒரு காசு கொடுக்காமல் அச்சடித்து மலிவாக விற்கலாம் என்றால், ராயல்டி கேட்கும் உள்ளூர்க்காரனை எந்தப் பதிப்பாளர் சீண்டுவார்? 1842இல் அமெரிக்கா போன டிக்கன்ஸ் இதை மேடையிலேயே சொல்லிப் புலம்பினார். நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, எட்கர் ஆலன் போவுக்கும்தான். 1845இல் ‘தி ரேவன்’ கவிதை நாடு முழுக்கப் பேசப்பட்டபோதும் அவர் வறுமையிலேயே கிடந்தார்.

தொடக்கக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, 17ஆம் நூற்றாண்டுப் பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர்) பிரசங்கங்களிலிருந்து வரிசையாகப் படிக்க உட்காருவது. தடித்த தொகைநூலின் நூறாவது பக்கத்துக்குள் ஆர்வம் செத்துவிடும். அந்தக் காலத்துக்கு ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் (முதல் தொகுப்பு 1650, லண்டன்) நான்கைந்து கவிதைகளும், அடிமையாக விற்கப்பட்டு பாஸ்டனில் வளர்ந்த ஃபிலிஸ் வீட்லியின் (1773, அதுவும் லண்டன்) இரண்டு கவிதைகளும் போதும். நேரே 1850களுக்கு வந்துவிடுங்கள். மெல்விலிலும் முதலில் ‘மோபி டிக்’ வேண்டாம். 1853இல் எழுதிய ‘பார்ட்டில்பி’ ஒரே மாலையில் முடிந்துவிடும். அலுவலகத்தில் சொன்ன வேலையைச் ‘செய்யாதிருக்க விரும்புகிறேன்’ என்று பணிவாக மறுக்கும் குமாஸ்தாவின் கதை. அது பிடித்தால் பெரிய நாவலுக்குப் போகலாம். அதில் பலர் நின்றுபோகும் இடம் 32ஆம் அத்தியாயம், திமிங்கில வகைகளின் பட்டியல். அங்கே கதை நகராது. வேகமாகப் புரட்டிவிட்டுப் போகலாம், பிறகு திரும்பி வந்தால் அதன் நகைச்சுவை பிடிபடும்.

எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன் ஆகிய ஐவரையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்தது 1941இல் எஃப். ஓ. மாத்தீசன் எழுதிய ‘அமெரிக்கன் ரெனசான்ஸ்’ என்ற விமர்சன நூல். 1850 முதல் 1855 வரையிலான ஆறு ஆண்டுகளை அந்த நாட்டு இலக்கியத்தின் உச்சமாக அது முன்வைத்தது. பெரிய நூல்தான், ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை, ஒரு கறுப்பருக்கும் இடமில்லை. பின்னால் நடந்த சண்டைகளில் பாதி இந்தப் பட்டியலோடு போட்ட சண்டைதான்.

அந்த ஐவரில் நமக்கு நெருக்கமானவர் தோரோ. 1854இல் வெளிவந்த ‘வால்டன்’ நூலில், தான் தங்குவதற்குக் குளக்கரையில் குடிசை கட்டிய செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று ஆணி, சுண்ணாம்புக் கணக்கோடு எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுக்கு மேல் தங்கியதை ஒரே ஆண்டாகச் சுருக்கியிருக்கிறார் என்பதால் அதை நாட்குறிப்பாகப் படிக்கக் கூடாது. மிக நீளமான முதல் அத்தியாயத்திலேயே பலர் கைவிடுகிறார்கள். குளிர்காலக் குளத்தைப் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்கினால் தப்பிக்கலாம். குளத்துப் பனிக்கட்டியை ஆட்கள் வெட்டிக் கப்பலுக்கு அனுப்புவதைப் பார்த்துவிட்டு, மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுபவர்கள் என் கிணற்றில் நீர் அருந்துகிறார்கள் என்கிறார். அந்தப் பக்கத்திலேயே பகவத் கீதையும் வருகிறது. பனிக்கட்டி வணிகர் ஃபிரடெரிக் டியூடர் 1842இல் மதராஸ் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

விட்மனைப் பாரதி தன் உரைநடையில் அறிமுகம் செய்திருக்கிறார், ந. பிச்சமூர்த்தியின் வசன கவிதை முயற்சிக்கு விட்மன் ஒரு தூண்டுதல். ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். 1855இன் முதல் பதிப்பில் தலைப்பில்லாத 12 கவிதைகள்தான். முகப்பில் ஆசிரியர் பெயர்கூட இல்லை. விட்மன் அதைச் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்ததால் 1891–92இன் கடைசிப் பதிப்பில் கவிதைகள் 400ஐ நெருங்கிவிட்டன. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இந்தக் கடைசிப் பதிப்பு. புதிதாகப் படிப்பவர்களுக்கு 1855ஆம் ஆண்டுப் பிரதியே நல்லது: மெலிது, முரட்டுத்தனம் குறையாதது.

பதிப்புச் சிக்கல் உச்சத்துக்குப் போவது எமிலி டிக்கின்சனிடம். ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதியவரின் வாழ்நாளில் அச்சானவை சுமார் பத்து. 1886இல் அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் தொகுப்பில், பதிப்பித்தவர்கள் அவர் வைக்காத தலைப்புகளை வைத்தார்கள், நீண்ட கோடுகளை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட்டார்கள், எதுகை இடித்த இடங்களில் சொல்லை மாற்றினார்கள். அவர் எழுதியபடியே முழுமையாக வந்தது 1955இல், தாமஸ் ஜான்சன் பதிப்பில். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பல அந்தப் பழைய ‘திருத்திய’ பாடங்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: மரணம் வண்டியோடு வந்து அழைத்துப்போகும் கவிதையை எடுங்கள். ‘தி சேரியட்’ என்று தலைப்பும் ஐந்து பத்திகளும் இருந்தால் அது 1890இன் பாடம். ஆறு பத்திகள் இருந்தால் அவருடையது. அவர்கள் வெட்டிய நான்காம் பத்தியில்தான் குளிர் ஏறும், மெல்லிய உடை நடுங்கும். கவிதையே அங்கேதான் திரும்புகிறது.

அடிமை முறையிலிருந்து தப்பியவர்களின் தன்வரலாறுகளை மாத்தீசன் தொடவில்லை. ஃபிரடெரிக் டக்ளஸின் ‘நேரட்டிவ்’ (1845) சிறிய நூல். ‘ஆம், இதை அவரே எழுதினார்’ என்று வெள்ளையர் இருவர் முன்னால் சாட்சி எழுத வேண்டியிருந்தது. ஹாரியட் ஜேகப்ஸ் 1861இல் புனைபெயரில் எழுதிய தன்வரலாற்றை வெகுகாலம் புனைவென்றே பலர் ஒதுக்கினார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் ஆவணங்களைத் தேடி, எல்லாம் நடந்தவை என்று நிறுவி 1987இல் பதிப்பித்தார்.

மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ பேச்சுவழக்கில் எழுதப்பட்டது. கண்ணால் படித்தால் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் ஓடும். தப்பியோடிய அடிமை ஜிம் பிடிபடும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள், மீதி ஏமாற்று வேலை என்றார் ஹெமிங்வே. முடிவு சொதப்பல்தான், இருந்தாலும் முழுதும் படிப்பதே சரி. எங்கே சொதப்புகிறது என்பதும் அந்த நாட்டைப் பற்றிய செய்தி.

இருபதாம் நூற்றாண்டிலும் இரண்டு தேதிக் கதை தொடர்கிறது. ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925இல் வந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940இல் இறக்கும்போது இரண்டாம் அச்சுப் பிரதிகள் கிடங்கில் தேங்கியிருந்தன. இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்த பாக்கெட் பதிப்பு சுமார் 1,55,000 பிரதிகள் அச்சாகி அதற்கு உயிர் கொடுத்தது. ஜோரா நீல் ஹர்ஸ்டனின் 1937ஆம் ஆண்டு நாவலை ஆலிஸ் வாக்கர் 1970களில்தான் மீட்டார்; அதற்குள் ஆசிரியர் பெயர்ப்பலகைகூட இல்லாத கல்லறையில் இருந்தார்.

ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’ (1929) பலரைத் துரத்தியடிக்கும் நூல். நான்கு பகுதிகளில் மூன்று 1928 ஏப்ரலில் நடக்கின்றன, இரண்டாவது மட்டும் 1910 ஜூன் 2. முதல் பகுதியில் சாய்வெழுத்து வந்தால் காலம் தாவுகிறது என்று பொருள். குவென்டின் என்ற பெயரில் இருவர் உண்டு: மாமனும் அவன் சகோதரியின் மகளும். முதல் பகுதியைச் சொல்லும் பென்ஜிக்கு முதலில் வைத்த பெயர் மோரி. அதே பெயரில் தாய்மாமனும் இருக்கிறார். இந்த மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் புத்தகத்தில் செருகிக்கொண்டால் பாதி பாரம் குறைந்துவிடும். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலுக்கும் இந்தப் பயிற்சி உதவும், அதுவும் காலத்தைக் கலைத்துப் போட்டுத்தான் சொல்கிறது.

சிறுகதைக்காரர் ரேமண்ட் கார்வர் எளிமையானவர் என்று நினைத்துப் போனால் அங்கும் இரண்டு பிரதிகள். 1981இன் தொகுப்பில் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டினார். வெட்டாத மூலங்கள் 2009இல் ‘பிகினர்ஸ்’ என்று வந்தன. ‘தி பாத்’ கதையில் காரில் அடிபட்ட பையன் பிழைத்தானா என்று தெரியாமல் தொலைபேசி மணியோடு முடிகிறது. அதையே கார்வர் மீட்டெடுத்த ‘எ ஸ்மால், குட் திங்’ கதையில் பையன் இறந்துபோகிறான். பிறந்தநாள் கேக் செய்த ரொட்டிக்கடைக்காரர் பெற்றோரை உட்காரவைத்துச் சூடான பன் கொடுக்கிறார், விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் குட்டைக் கதை, அடுத்த நாள் நெட்டைக் கதை என்ற வரிசையில் படியுங்கள்.