பனி உலர்ந்த பிறகுதான் பட்டி திறக்கும்

எங்கள் பட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது வண்டியை விட்டு இறங்கியதும் "கம்பளி ஆடு எங்கே?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளின் படப் புத்தகங்களில் செம்மறி என்றால் பஞ்சுப் பொதியைப் போல வெள்ளையாகத்தான் நிற்கிறது. எங்களிடம் இருப்பவை மெட்ராஸ் சிவப்பு ஆடுகள். செம்மண் நிறமும் உடலோடு ஒட்டிய குட்டை முடியும் கொண்ட இந்த இனம் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளின் சொந்த இனம். வெயிலுக்கென்றே அமைந்த இவற்றுக்குக் கம்பளி கிடையாது. வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிற்கும், செம்மறியின் வால் தொங்கும் என்று காட்டிக் கொடுத்தால், அடுத்த பத்து நிமிடத்தில் தெருவில் போகும் ஆடுகளையெல்லாம் பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

ஊர் பள்ளிப்பட்டுக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தபோது, தாத்தா ஆடு மேய்த்த கரம்பில் ஒரு பகுதி எல்லைக்கு அந்தப் புறமே தங்கிவிட்டது. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுகிறோம். இப்போது பட்டியில் எழுபத்தாறு பெட்டைகளும் மூன்று பொலிகிடாக்களும் இருக்கின்றன. ஒரே இரத்தம் கலந்துவிடாமல் இருக்க இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பொலிகிடாக்களை மாற்றுவது நைனாவின் வழக்கம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓட்டு வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கென ஒழித்துக் கொடுத்தபோது நைனா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: வருகிறவர்களுக்காக ஆட்டின் நாளில் எதையும் மாற்றக் கூடாது, எதையும் மறைக்கவும் கூடாது. அதன் முதல் பாதி காலையிலேயே தொடங்கிவிடும். விடிந்தவுடன் மேய்ச்சலுக்குப் போகலாம் என்று ஆசையோடு எழுந்து வருகிறவர்களை நாங்கள் திண்ணையில் உட்கார வைக்கிறோம். குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரத்தோடு புல்லின் நுனிக்கு ஏறியிருக்கும் நேரம் அது என்பதால், பனி உலர்ந்து ஏறக்குறைய ஒன்பது மணியான பிறகே பட்டி திறக்கும். அதுவரை களி கிண்டுவதைப் பார்க்கலாம், ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். முன்வாயின் மேல்புறத்தில் செம்மறிக்குப் பல்லே இல்லை. கீழ்ப்பல் வரிசையில் இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் வயது ஒன்று முதல் ஒன்றரை, எட்டும் முளைத்துப் பல் சேர்ந்திருந்தால் நான்கை நெருங்கிவிட்டது என்று பொருள். உச்சி வெயிலில் புங்கமர நிழலில் ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையைப் புதைத்துக்கொண்டு மந்தை முழுவதும் ஒரே உடம்பாக நிற்பதைப் பார்த்துவிட்டு, அவற்றுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்காதவர்கள் குறைவு.

இந்த விதியின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு மாட்டுப் பொங்கல் நாளில். வந்திருந்த குடும்பத்தினர் மீந்த புளியோதரையை அன்போடு கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டார்கள். புல்லுக்குப் பழகிய வயிற்றில் சோறு மொத்தமாக விழுந்தால் அது புளித்து அமிலமாகிவிடும். மாலைக்குள் மூன்று ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தி, வயிறு உப்பிப் படுத்துவிட்டன. கால்நடை மருத்துவர் வரும் வரை ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டியபடி இருந்தோம். இரண்டு பிழைத்தன. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. அன்று முதல் அறைச் சாவியைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன்.

தை மாதம்தான் எங்களுக்குக் குட்டிகளின் காலம். ஆவணியில் பொலிந்த பெட்டை ஐந்து மாதம் சுமந்து ஈனும். போன தையில் ஒரு நள்ளிரவில் பெட்டை ஒன்று தரையைக் காலால் பறிக்கத் தொடங்கியபோது, சென்னையிலிருந்து வந்திருந்த ஒன்பது வயதுச் சிறுமியையும் எழுப்பிக் கூட்டிவந்தோம். விழுந்த குட்டியைத் தூக்க அவள் ஓடியபோது நைனா கையை நீட்டித் தடுத்தார். முதல் ஒரு மணி நேரத்தில் தாய் நக்கி நக்கித் தன் குட்டியின் வாசனையை மனத்தில் பதித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் மனிதக் கை வாசனை ஏறினால் தன் குட்டியையே முட்டித் தள்ளிவிடக்கூடும். அரை மணி நேரம் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், குட்டி நான்கு முறை விழுந்து ஐந்தாம் முறை எழுந்து மடியைக் கண்டுபிடித்துச் சீம்பால் குடித்ததும் அழுதுவிட்டாள். தொப்புளுக்கு அயோடின் வைத்துவிட்டு, விடியும்போது நைனாதான் குட்டியை அவள் மடியில் வைத்தார். கிடாக்குட்டி. அவள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டுப் போனாள்.

ஆடியில், ஜாத்திரைக் காலத்து விலை ஏறியிருந்த ஒரு சனிக்கிழமை, வியாபாரி வந்து ஒன்பது கிடாக்களை ஏற்றிச் சென்றார். அதில் அந்தக் குட்டியும் இருந்தது. மறுவாரம் அவள் தொலைபேசியில் கேட்டபோது, வேறு பட்டிக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லத்தான் என் வாய் போனது. நைனா தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "இல்லைம்மா, கறிக்கு வித்துட்டோம். பெட்டைங்கள வெச்சுக்குவோம், கிடாங்கள விப்போம். அதுலதான் எங்க வீடு நடக்குது," என்றார். அந்தப் பக்கம் வெகு நேரம் பேச்சே வரவில்லை. பிறகு அவளுடைய அம்மா பேசினார், குரலில் வருத்தம் இருந்தது. இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று என் அண்ணன் இன்றும் நினைக்கிறான். பால் குடிக்க எழுந்ததைக் காட்டிய நாங்கள், அது போன இடத்தை மட்டும் மாற்றிச் சொன்னால் அவள் பார்த்த இரவும் பொய்யாகிவிடும் என்பது என் எண்ணம்.

கார்த்திகையில் அவர்கள் மீண்டும் வந்தார்கள். அவள் நேராகப் பட்டிக்குப் போய், அந்தத் தாய் ஆடு எது என்று என்னைக் கேட்காமலேயே நெற்றி வெள்ளையை வைத்துக் கண்டுபிடித்து, அதன் வாயைத் திறந்து பல்லை எண்ணினாள். ஆறு.

அதே பெட்டை இப்போது மறுபடியும் சினையாக இருக்கிறது. இந்தத் தையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இரவில் எழுப்பினால் எழுந்து வரலாம். முதல் ஒரு மணி நேரம் மட்டும் படலுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும்.