போலோவுக்குப் புதிய சைலன்சர்

மூன்று ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருந்த வேலையைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டேன், எனது 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்குப் புதிய சைலன்சர் பொருத்தியாகிவிட்டது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தொடவே கூடாது, அதற்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதில் தொடக்கம் முதலே உறுதியாக இருந்தேன், ஏனென்றால் அதைக் கழற்றினால் வெளிவரும் நச்சுப் புகையைச் சுவாசிப்பவர்கள் சாலையில் போகும் மற்றவர்கள். அதோடு, ஒலி வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

தேர்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது ரெசனேட்டர், அதாவது புகைக்குழாயில் எழும் ரீங்காரத்தை அடக்கும் கலம். அது இல்லாத நண்பரின் காரில் ஒருமுறை நெடுஞ்சாலையில் சென்றபோது, 2,500 ஆர்பிஎம்மில் எழுந்த இடைவிடாத ரீங்காரம் அரை மணி நேரத்தில் தலைவலியைத் தந்துவிட்டது. குழாய் 304 ரக எவர்சில்வர். வளைவுகளில் உள்விட்டம் நசுங்காதபடி, உள்ளே தண்டு செருகி வளைக்கும் மாண்ட்ரல் முறையில் வளைக்கப்பட்டது.

பழைய போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்ததால் எண்ணெய் தெளித்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும், குழாயைத் தாங்கும் தொங்கு ரப்பர்களும் புதியவை. இன்ஜின் சூடாகும் முன்பே மெக்கானிக் அண்ணன் இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்துப் பார்த்தார்; ஓரிடத்தில் சிறு குமிழிகள் வந்தன, கிளாம்பை அரைச் சுற்று இறுக்கியதும் நின்றுவிட்டன. வேகம் கூடியதாகத் தெரியவில்லை, ஆனால் அந்தக் கனத்த, அடங்கிய குரலுக்காகவே நான் காத்திருந்தேன்.