பார்ட்டிஷன் கருவியின் முகப்பை மாற்றும்போது

டிஸ்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்களாக) பிரிக்கும் பார்ட்டிஷன் கருவியை யாரும் தினமும் திறப்பதில்லை. புது டிஸ்க் வரும்போது, இன்னொரு இயங்குதளம் நிறுவும்போது, இடம் தீர்ந்துபோகும்போது என எப்போதாவதுதான் அதற்கு வேலை வரும். அதனால் பல வருஷப் பயனருக்கும் அந்தத் திரை முழுக்க நினைவில் இருக்காது. கைக்கு மட்டும் ஞாபகம் இருக்கும்: மூலையில் டிஸ்கைத் தேர்ந்தெடு, பட்டையில் கட்டத்தைச் சொடுக்கு, அளவை மாற்று, மேலே இருக்கும் டிக் பட்டனை அழுத்து. இந்தக் கைப்பழக்கத்தோடு ஒரு நம்பிக்கையும் ஒட்டியிருக்கிறது. டிக்கை அழுத்தும்வரை டிஸ்கில் எதுவும் மாறாது என்ற நம்பிக்கை. முகப்பை மாற்ற உட்காருபவர்கள் நிறத்தையும் ஐகானையும் தொடுவதற்கு முன்னால் இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: நம் கருவி டிஸ்கில் எழுதும் கணம் எது?

கருவிக்குக் கருவி இது வேறுபடும். லினக்ஸ் கருவியான ஜிபார்ட்டட் வேலைகளை வரிசையில் சேர்த்து வைத்து, சொன்ன பிறகுதான் எழுதும். கமாண்ட் வழியில் ஓடும் எஃப்டிஸ்கில் டபிள்யூ எழுத்தைத் தட்டும்வரை எல்லாம் நினைவகத்திலேயே நிற்கும். க்யூ தட்டி வெளியேறினால் ஒன்றும் நடக்காது. பார்ட்டட் கமாண்ட் அப்படியில்லை, ஒவ்வொரு கட்டளையையும் அங்கேயே செய்து முடித்துவிடும். க்னோம் டிஸ்க்ஸும் உடனுக்குடன்தான்.

செட்டிங்ஸ் திரைகள் எல்லாம் தொட்டவுடன் மாறுகின்றனவே, நாமும் அப்படிச் செய்தால் ஒரு படி குறையுமே என்ற ஆசை வடிவமைப்புக் கூட்டங்களில் அடிக்கடி எழும். வரிசை முறையில் பழகியவர் ஒரு பார்ட்டிஷனை நீக்கிப் பார்ப்பார், பட்டை எப்படி மாறுகிறது என்று கவனிப்பார், பிறகு திரும்ப எடுத்துக்கொள்வார். அவருக்கு அது ஒத்திகை. புதிய பதிப்பில் அதே சொடுக்கு நிஜமாகிவிட்டால் அவர் தரவு போய்விடும். ஆகவே வரிசை முறையிலிருந்து உடனடி முறைக்குப் போகவே கூடாது. எதிர்த்திசையில் போகலாம். உடனடி முறையில் பழகியவர் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடுவார். "3 வேலைகள் இன்னும் டிஸ்கில் எழுதப்படவில்லை" என்று அந்த இடத்தில் நிறுத்திச் சொன்னால் போதும். அவருக்கு நஷ்டம் அரை நிமிஷம்.

பட்டைப் படம் அடுத்த சிக்கல். பழைய முகப்பில் சின்னப் பார்ட்டிஷன்களுக்கு ஒரு குறைந்தபட்ச அகலம் கொடுத்திருப்பார்கள். அது சரியான விகிதத்தில் இல்லையே என்று புதிதாக வருபவருக்கு உறுத்தும். கணக்குப் போட்டால் காரணம் தெரியும்: 1 டெராபைட் டிஸ்கை 1000 பிக்சல் பட்டையில் வரைந்தால், கணினி பூட் ஆகத் தேவையான 100 மெகாபைட் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குக் கிடைப்பது 0.1 பிக்சல். அது கண்ணுக்கே தெரியாது. தெரியாததால் "இங்கே ஒன்றும் இல்லை" என்று பயனர் முழு இடத்தையும் எடுத்துக்கொள்வார். அடுத்த முறை கணினி பூட் ஆகாது. குறைந்தபட்ச அகலத்தை வைத்துக்கொண்டு, உண்மையான அளவைப் பட்டைக்குக் கீழே உள்ள அட்டவணையில் காட்டுவதுதான் சரி. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள 1 மெபிபைட் (1024 × 1024 பைட்) இடைவெளியை மட்டும் பட்டையில் மறைத்துவிடலாம். அதைக் காலி இடம் என்று காட்டினால் நிரப்பப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஜிபிடி என்னும் பார்ட்டிஷன் அட்டவணை முறையில் அமைந்த டிஸ்கின் கடைசி 33 செக்டரில் அந்த அட்டவணையின் மாற்றுப் பிரதி இருக்கிறது.

மறைப்பதற்கும் எல்லை வேண்டும். மேக்ஓஎஸ் ஹை சியராவில் டிஸ்க் யூட்டிலிட்டி வால்யூம்களை மட்டும் காட்டத் தொடங்கியது. முழு டிஸ்கும் தெரிய வியூ மெனுவில் எல்லாச் சாதனங்களையும் காட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டும். பார்ட்டிஷன் ஸ்கீமை (அட்டவணை முறையை) மாற்றும் தேர்வோ முழு டிஸ்கைத் தேர்ந்தெடுத்தால்தான் வரும். பழைய குறிப்புகளைப் படித்துக்கொண்டு வருபவர் அந்தத் தேர்வைத் தேடி அலைவார். திரை சுத்தமாகத் தெரிந்தது உண்மை. ஆனால் டிஸ்குக்குள் பார்ட்டிஷன், பார்ட்டிஷனுக்குள் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டம் என்ற அடுக்கை மனதில் வைத்திருந்தவருக்கு மேல் அடுக்கே காணாமல் போனது.

அளவு அலகை மாற்றுவது சின்ன வேலை போலத் தெரியும். 1 டெராபைட் டிஸ்க் கிபிபைட்டில் (GiB, 1024 × 1024 × 1024 பைட்) 931. பழைய கருவி கிபிபைட்டைக் கணக்கிட்டு ஜிபி என்று எழுதியிருக்கலாம். அதைத் திருத்துகிறோம் என்று எண்ணையும் 10-இன் அடுக்குக்கு மாற்றினால், வழக்கம்போல 100 என்று தட்டுபவருக்கு 93.1 கிபிபைட்தான் கிடைக்கும். பழைய 100 கிபிபைட் பார்ட்டிஷனின் இமேஜை (முழு நகலை) அதில் எழுதும்போது வால் பகுதிக்கு இடம் இருக்காது. லேபிளை மட்டும் சரியாக்கிவிட்டு, எண்ணின் பொருளை அப்படியே விடுங்கள். மற்ற அலகு வேண்டியவர் எண்ணோடு சேர்த்துத் தட்ட வழி கொடுங்கள்.

இழுத்து அளவை மாற்றும் பிடிகளையும் கவனிக்க வேண்டும். வலது விளிம்பை இழுத்துப் பெரிதாக்கினால் ஃபைல் சிஸ்டம் நீள்வதோடு முடிந்தது. இடது விளிம்பை இழுத்தால் உள்ளே உள்ள தரவு முழுவதும் இடம் பெயர வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், நடுவில் மின்சாரம் போனால் மீட்பது பெரும்பாடு. இரண்டு பிடியும் ஒரே மாதிரி அழகாக இருந்தால் பயனருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? இடது விளிம்பு நகர்ந்த கணமே வரிசையில் "நகர்த்து" என்ற சொல்லும், நகல் ஆகவேண்டிய தரவின் அளவும் வர வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் உள்ள பார்ட்டிஷனைச் சுருக்க முடியாது. அந்தப் பிடியை வெறுமனே மங்கலாக்கினால் கருவி பழுது என்று நினைப்பார்கள். காரணத்தை ஒரு வரியில் அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.

"நிச்சயமா?" என்று கேட்கும் டயலாகை யாரும் படிப்பதில்லை, கை தானாக அழுத்திவிடும். டிஸ்கின் மாடல், கொள்ளளவு, போகப்போகும் பார்ட்டிஷனின் பெயர் மூன்றும் அங்கே இருக்க வேண்டும். லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை மட்டும் நம்பக்கூடாது, அவை அடுத்த பூட்டில் இடம் மாறக்கூடியவை. பட்டனில் "சரி" என்பதற்குப் பதில் செய்யப்போகும் வேலையின் பெயர் இருக்கட்டும். தமிழாக்கத்தில் இன்னும் கவனம் தேவை. "அழி" என்ற ஒரே சொல்லை மூன்று இடத்தில் போட்டுவிடுகிறோம். பார்ட்டிஷனை எடுப்பதற்கு "நீக்கு", புது ஃபைல் சிஸ்டம் போடுவதற்கு "ஃபார்மட் செய்", டிஸ்க் முழுவதையும் வெறுமையாக்குவதற்கு "முழுதும் துடை" என்று தனித்தனியாக வைத்தால் குழப்பம் தீரும். ஒருமுறை வைத்த சொல்லை அடுத்த பதிப்பில் இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

கமாண்ட் வழியில் வேலை செய்பவர்களும் பழைய பயனர்கள்தான். எஃப்டிஸ்குக்கான பதில்களை வரிசையாக எழுதி பைப் வழியாக அனுப்பும் ஸ்கிரிப்ட்கள் நிறைய உண்டு. இடையில் ஒரு புதிய கேள்வியைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள பதில்கள் எல்லாம் ஒரு படி தள்ளிப்போகும். அளவுக்கான எண் ஆம்-இல்லை கேள்விக்குப் போய் விழும். டெர்மினலில் மனிதர் இருக்கிறாரா என்று பார்த்து, இருந்தால் மட்டும் புதிய கேள்வியைக் கேட்கலாம்.

சோதனைக்கு நிஜ டிஸ்க் வேண்டாம். ட்ரங்கேட் கமாண்டால் 1 டெராபைட் ஸ்பார்ஸ் ஃபைல் (எழுதிய பகுதிக்கு மட்டும் இடம் எடுக்கும் ஃபைல்) ஒன்றை உருவாக்கினால் உண்மையில் அது எடுத்துக்கொள்ளும் இடம் மிகக் குறைவு. லூசெட்டப் மூலம் அதைப் பார்ட்டிஷன் ஸ்கேனோடு லூப் சாதனமாக (டிஸ்க் போலத் தெரியும்படி) இணைத்து, இஎஃப்ஐ, என்டிஎஃப்எஸ், எக்ஸ்டி4 என்று நிஜக் கணினி போலப் பிரித்து வையுங்கள். பழைய பயனர் ஒருவரை உட்காரவைத்து "இதைச் சுருக்கி, அந்த இடத்தில் இன்னொன்று உருவாக்குங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், வேறு எதையும் விளக்க வேண்டாம். மவுஸ் தயங்கி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், தயங்கவேண்டிய இடத்தில் தயங்காமல் சொடுக்கினாரா என்பது. எழுதும் பட்டனுக்கு முன்னால் அவர் வரிசையைப் படிக்கவில்லை என்றால், வரிசை இருக்கும் இடத்தை மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள்.