நடுத்தரப் புலி ஒருவழியாக ஆட ஆரம்பித்துவிட்டது

நான் எழுதிவரும் ஆடுபுலி ஆட்ட செயலியில், புலியாக ஆடும் கணினிக்கு நடுத்தர நிலை முடிந்தது. கவுந்தப்பாடியில் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) அதோடு ஆடிப் பார்த்தார். ஒன்றில் தோற்றார், இன்னொன்றில் மூன்று புலியையும் நகரவிடாமல் அடைத்துவிட்டார், அப்புறம் "இன்னொண்ணு போடு கண்ணு" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் இதோடு மல்லுக்கட்டினேன்.

கடினப் புலி எப்போதோ தயார். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் புலியை அடைக்கும். ஆறாவது ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்று வைத்திருக்கிறேன். இந்த விதி ஊருக்கு ஊர் மாறும். பலகையின் நிலையைக் கணினிக்கு எண்ணாக எழுத, புலிகளுக்குப் புள்ளிக்கு ஒன்றாக 23 பிட், ஆடுகளுக்கு 23 பிட், கையில் மிச்சமுள்ள ஆடுகளுக்கு 4, வெட்டுப்பட்டதற்கு 3, யார் முறை என்பதற்கு 1. மொத்தம் 54 பிட். முழுப் பலகையும் ஒரே 64 பிட் எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது, சதுரங்க நிரல்களில் வருகிற, நிலையை ஒரு சின்ன அடையாள எண்ணாகச் சுருக்கும் ஹேஷ் வேலையே தேவைப்படவில்லை. விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோவில் திரையை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த நகர்வுகளை ஆராயும் தேடலை சி பிளஸ் பிளஸ் மொழிக்கு மாற்றியதும் ஆல்ஃபா பீட்டா (பார்க்கத் தேவையில்லாத கிளைகளை விட்டுவிடும் தேடல் முறை) பறக்கிறது. ஆனால் அந்தப் புலியோடு யாரும் ரெண்டாவது ஆட்டம் ஆடுவதில்லை. எந்த ஆட்டைத் தூண்டிலாகக் கொடுத்தாலும் தொடாது. பாதுகாப்பான ரெண்டு புள்ளிக்கு நடுவே போய்ப் போய் வந்துகொண்டே இருக்கும். பலமான ஆட்டம்தான், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கொட்டாவி வருகிறது.

அதனால் மொத்த வேலையும் புலியைப் பலவீனமாக்குவதில் வந்து நின்றது. பலமாக்குவதைவிட இது பல மடங்கு கடினம். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லாருக்கும் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

எல்லாரும் முதலில் செய்கிற வழி, இத்தனை சதவீதம் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு நகர்வு என்பது. அதைப் போட்டதும் வெற்றி விகிதம் கேட்டபடி இறங்கியது. அமுச்சியிடம் கொடுத்தேன். பக்கத்திலேயே வெட்டக் கிடந்த ஆட்டை விட்டுவிட்டுப் புலி வேறு பக்கம் போனது. "இது வேணும்னே உடுது கண்ணு, இதுகூட எப்புடி ஆடறது?" என்று போனைக் கீழே வைத்துவிட்டார். ஒரே ஆட்டத்துக்குள் ஐந்து நகர்வு மகா கெட்டிக்காரத்தனம், ஆறாவது அசட்டுத்தனம் என்றால் யாருக்கும் கோபம் வரும். விட்டுக்கொடுத்து வாங்கித் தருகிற வெற்றி அவமானம். ஏழு வயதுக் குழந்தைக்குக்கூட அது புரியும்.

அடுத்தது தேடலின் ஆழத்தை, அதாவது எத்தனை நகர்வு முன்னால் பார்க்கிறது என்பதைக் குறைப்பது. இதில் ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. புலியின் நகர்வோடு தேடல் முடிகிற மாதிரி ஒற்றைப்படை ஆழம் வைத்தால், கடைசி வெட்டு இலவசமாகக் கிடைத்ததாகப் புலி நினைத்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் கதவு அடைபடுவது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஓர் ஆட்டைக் கொடுத்துப் புலியை மூலைக்கு இழுத்து அடைப்பது ஆடு ஆடுகிறவரின் முதல் தந்திரம். பேராசைப் புலி அதில் வந்து விழும். ஆனால் எப்போதும் விழும். ரெண்டே ஆட்டத்தில் ஆளுக்கு அது பிடிபட்டுவிட்டால் அப்புறம் என்ன சுவாரசியம்?

அமுச்சியும் எங்கள் பெரியப்பாவும் திண்ணையில் சாக்பீஸ் கோட்டில், புளியங்கொட்டையை ஆடாக வைத்து ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். மனிதர்கள் எதைத் தவறவிடுகிறார்கள், எதைத் தவறவிடுவதே இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். வெட்டு இருந்தால் யாரும் தவறவிடுவதில்லை. தவறவிடுவது ரெண்டு விஷயம். ஒன்று, கடைசியாகக் கை போன இடத்திலேயே கண்ணும் நிற்பதால், பலகையின் மறுபக்கத்தில் மெதுவாகச் சுற்றி வளைக்கப்படும் புலி. இன்னொன்று, அடைபடும் பயம் தாமதமாக வருவது. முதல் புலி அடைபடும்வரை வெட்டுதான் குறி. அது அடைபட்ட பிறகுதான் மற்ற ரெண்டுக்கும் வழி தேட ஆரம்பிக்கிறார்கள்.

பயத்தை எழுதுவது எளிது. நகர்வதற்கு எத்தனை வழி இருக்கிறது என்ற மதிப்பெண்ணுக்கு, ஒரு புலிகூட அடைபடாதவரை எடை குறைவு, அடைபட்டதும் எடை ஏறும்.

கவனத்தை எழுதுவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியாக நகர்ந்த காயிலிருந்து 2 கோடு தூரத்துக்குள் நடப்பதெல்லாம் தெரியும், அதற்கு அப்பால் இருப்பது சில சமயம்தான் தெரியும். சொல்ல ஒரு வரி. ஆனால் இந்த வடிகட்டியைத் தேடல் மரத்தின் வேரில், அதாவது இப்போது ஆட வேண்டிய நகர்வில் மட்டும் வைத்தால் பயனில்லை. வேரில் ஒதுக்கிய தூரத்து நகர்வை மூன்றாவது மட்டத்தில் தேடல் எப்படியும் பார்த்துவிடும், அதற்கேற்ப இப்போதே ஆடிவிடும். அதனால் மரம் முழுக்க வடிகட்டி வேண்டும். அங்கே வருகிறது அடுத்த சிக்கல். ஒரே நிலைக்கு ரெண்டு வழியில் வந்து சேரலாம். கடைசி நகர்வு வேறு என்றால் கண்ணுக்குத் தெரிவதும் வேறு, மதிப்பும் வேறு. ஏற்கெனவே கணக்கிட்ட மதிப்புகளைச் சேமித்து வைக்கிற நினைவு அட்டவணையோ ரெண்டையும் ஒன்றாக நினைத்துப் பழைய மதிப்பைத் தூக்கிக் கொடுக்கும். காய் கடைசியாக நகர்ந்த புள்ளியையும் சாவியில் (நிலையை அடையாளம் காட்டும் எண்ணில்) சேர்த்தால்தான் சரியாகும். 23 புள்ளிக்கு 5 பிட் போதும். 54 போய் 59 ஆனது, இன்னும் 64-க்குள்தான். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. தூரத்தில் எது தெரியும், எது தெரியாது என்ற தற்செயலையும் முறைக்கு ஒரு தடவை மட்டும் முடிவு செய்து, அந்தத் தேடல் முடியும்வரை மாற்றாமல் வைக்க வேண்டும். நடுவே மாறினால் கிளைகளை ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லை.

வெட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வேரில் அது தெரியும்.

இன்னொரு சின்ன வேலை, புலி யோசிக்கிற நேரம். பதில் கண் இமைக்கும் நேரத்தில் வந்தால் எதிரே இயந்திரம் என்று மனசு ஒதுங்கிக்கொள்கிறது. இருப்பதிலேயே சிறந்த ரெண்டு நகர்வின் மதிப்பெண் நெருக்கமாக இருந்தால் தாமதம், ஒன்று மட்டும் தெளிவாக நன்றாக இருந்தால் உடனே. இதைச் சேர்த்ததும் "இப்பத்தான் யோசிக்குது" என்றார் அமுச்சி. ஆட்டத்தின் பலம் ஒரு துளியும் மாறவில்லை. ஹேலோ என்ற சுடும் விளையாட்டைச் செய்த பங்கி நிறுவனத்தாருக்கும் இதே மாதிரி அனுபவம் உண்டு. எதிரிகளின் உயிர் அளவைக் கூட்டினதும், ஆடிப் பார்த்தவர்கள் எதிரிக்குப் புத்தி கூடிவிட்டதாக நினைத்தார்கள்.

பேய்களுக்கு ஆளுக்கொரு குணம் கொடுத்ததால்தான் 1980-இல் வந்த பேக்மேனை இன்றைக்கும் பேசுகிறோம். சிவப்பு நேராகத் துரத்தும், இளஞ்சிவப்பு நமக்கு நாலு கட்டம் முன்னால் குறி வைக்கும். அவ்வப்போது எல்லாம் அவரவர் மூலைக்குப் போய் நமக்கு மூச்சு விட நேரம் தரும். என் மூன்று நிலைகளுக்கும் அப்படிக் குணம் வேண்டும், பலம் மட்டும் போதாது. ஆடுகிறவரின் நிலையைப் பார்த்து மறைவில் கடினத்தை ஏற்றி இறக்குகிற வழியும் இருக்கிறது. 2005-இல் ரெசிடெண்ட் ஈவில் 4, 2008-இல் லெஃப்ட் ஃபோர் டெட் ரெண்டும் அதை அழகாகச் செய்தன. பலகை விளையாட்டில் அது எனக்கு ஒப்பவில்லை. நடுத்தரம் என்று போட்டால் தோற்றாலும் ஜெயித்தாலும் அது நடுத்தரமாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அமுச்சி ஜெயித்தது ஜெயிப்பே இல்லை.

சதுரங்கத்தில் மாயா என்ற நிரல் சிறந்த நகர்வைத் தேடாமல், குறிப்பிட்ட தரத்தில் இருக்கும் மனிதர் எதை ஆடுவார் என்று ஊகிக்கும். லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் குவிந்து கிடக்கும் ஆட்டங்களில் பயிற்சி பெற்றது. ஆடுபுலிக்கு அப்படிக் குவியல் எங்கே இருக்கிறது? நாம்தான் சேர்க்க வேண்டும். பொங்கலில் பூப்பறிக்கிற நோன்புக்குச் சொந்தமெல்லாம் வந்து சேரும்போது ஆட்டங்களைப் பதிவு செய்யப் போகிறேன்.

அதற்காகவே ஒரு நிஜப் பலகை மனசில் ஓடுகிறது. காய்களுக்கு அடியில் காந்தம், ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே காந்தத்தை உணரும் ஒரு 49ஈ ஹால் சென்சார். புலிக்கு வட துருவம் கீழே, ஆட்டுக்குத் தென் துருவம் கீழே. மின்னழுத்தம் நடுவிலிருந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் எது புலி, எது ஆடு, எது காலி என்று தெரிந்துவிடும். பல சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் படிக்க உதவும் 16 வழி மல்டிபிளெக்சர் ரெண்டு போதும். சென்சாரும் மல்டிபிளெக்சரும் காந்திபுரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டு வைத்திருக்கிறேன். திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பக் கூடத்தில் கல் பலகை விசாரித்தேன். கோடு அவ்வளவு சுத்தமாக வெட்டுகிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்தக் கனத்துக்கு காந்தத்தின் பலம் மேலே இருந்து கீழே எட்டாது. சென்சாருக்கு மரப்பலகை, வீட்டுக்குத் தனியாக ஒரு கல் பலகை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆடு பக்கத்து ஏஐ இன்னும் பாதியில் நிற்கிறது. 15 ஆட்டையும் வைத்து முடிக்கும்வரை ஆடு நகராது என்பதால், நல்ல ஆட்டக்காரர் எங்கே வைப்பார் என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். புலிக்கு எழுதிய கவன வடிகட்டி அங்கே உதவாது, புதிதாக யோசிக்க வேண்டும். காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்தில் எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி, முதல் ஆடு வைத்ததுமே புலி நகரலாமா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். விதிகளைத் தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டுத்தான் ஆட்டு வேலையைத் தொடங்கப் போகிறேன்.