ஜீப் நாட்குறிப்பு: கிளட்ச் வழுக்கிய கதை

2024 நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு வந்த ஒறம்பரையை அனுப்பிவிட்டு, தாமரைக்கரைக்கு அந்தப்பக்கம் இருக்கும் மாமன் தோட்டத்துக்கு இரண்டு மூட்டை புண்ணாக்கு கொண்டுபோனேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது, பள்ளத்தைத் தாண்டி மேலேறும் மண்தடத்தில் எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி ஆடி அசைந்து வருகிறது. கூடவே கருகிய சணல்சாக்கு மாதிரி ஒரு நெடி. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது.

அரைமணி நேரம் ஆறவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் போட்டு, லோ என்ற மெதுவான கியர் வரிசையில் தள்ளினேன். லோவில் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடும், கிளட்ச் தாங்கவேண்டிய சுமை அந்த அளவுக்குக் குறையும். தார் ரோட்டைப் பிடித்துவிட்டேன். அங்கிருந்து வரட்டுப்பள்ளம் அணை வரைக்கும் இறக்கம்தான். அந்தியூர் வந்து சேரப் பொழுது இறங்கிவிட்டது.

நவம்பர் 4, திங்கள்

முதலில் பெடல். மேலே ஒரு விரற்கடை சும்மா அமுங்குகிறது, அப்புறம்தான் கனம் தெரிகிறது. இந்த ஃப்ரீ ப்ளே இல்லாவிட்டால், பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருக்கும், பிளேட் முழுசாகப் பிடிக்காது. அப்படியிருந்தால் ஒரு நட்டைத் திருப்பினால் வேலை முடிந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, நாலாவது கியரில் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை மெல்ல விட்டேன். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் அங்கேயே அணைந்திருக்க வேண்டும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை போதும், இதை மறுபடி மறுபடி செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

நவம்பர் 6, புதன்

வண்டிக்கடியில் விரித்த அட்டையில், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுஸிங்கின் அடி ஓட்டைக்கு நேர்கீழே நாலைந்து சொட்டு எண்ணெய். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், ‘பெட்ரோல் ஊத்திக் கழுவுனா சரியாப் போயிருமுங்’ என்கிறார். அவர் டிராக்டரில் செய்தாராம். எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். பிளேட்டில் ஒட்டிப் பிடிக்கும் லைனிங் பட்டை எண்ணெய் குடித்தால் பிழைக்காது.

நவம்பர் 9, சனி

கியர்பாக்ஸை இறக்கியாயிற்று. மெக்கானிக் அண்ணன், அவர் பையன், நான் என்று மூன்று பேருக்கு ஒரு முழுப்பகல். பெல் ஹவுஸிங் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியில் துடைத்தோம்.

பிளேட்டில் லைனிங் ரிவெட்டுக்கு மேல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கன்னங்கரேலென்று பளபளக்கிறது, நகத்தால் சுரண்டினால் பிசுபிசுப்பு. அண்ணன் பெல் ஹவுஸிங் ஓரத்தில் விரலை வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

‘ஏனுங் தம்பி, இது எந்த ஆயிலுன்னு மோந்து பாருங்க.’

டீசல் எஞ்சின் ஆயில் கருப்பாக, தண்ணியாக இருக்கும். இது தேன் மாதிரி கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தது. கியர் ஆயில். அதாவது எஞ்சின் எண்ணெயைத் தடுக்கும் கிராங்க் சீல் தப்பித்தது, மாட்டியது கியர் ஆயிலைத் தடுக்கும் கியர்பாக்ஸின் முன்பக்க சீல். நூறு ரூபாய்கூடப் பெறாத சாமான். நான் பார்த்தவரை பாதிப்பேர் இந்த இடத்தில் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதுப் பிளேட்டைப் போட்டு மூடிவிடுவார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

சீல் ஏன் கசிந்தது என்பதுதான் ராத்திரியெல்லாம் வெசனம். காலையில் கியர் ஆயிலை வடித்தால் பால் ஊற்றின காப்பி நிறம். தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்புறம் கியர்பாக்ஸ் காற்று விடும் துளையான பிரீதரைக் கழற்றினேன். செம்மண் அடைத்து, உளுந்து வடை மாவு காய்ந்ததுபோல இறுகிக் கிடக்கிறது. ஊசியால் குத்தினாலும் போகவில்லை.

இப்போது கணக்கு நேராகிறது. ஓட்டத்தில் கியர்பாக்ஸ் சுடும், உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லாததால் சீல் ஓரமாக எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. அதே சூட்டோடு பள்ளத்துத் தண்ணீரில் இறக்கினால் காற்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஐப்பசி மழையில் அந்தப் பள்ளத்தை எத்தனை தடவை கடந்திருப்பேன்! ஒருநாளும் பிரீதரைத் திரும்பிப் பார்த்ததில்லை.

நவம்பர் 13, புதன்

பிளேட் உராயும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டால் நீலம் பாய்ந்த திட்டுகள். பவானியில் ஒரு லேத்தில் ஃபேசிங் பிடித்து முகத்தைச் சமப்படுத்தியாயிற்று. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஈரோட்டில் வாங்கினேன். விலையை வீட்டில் சொல்லவில்லை.

நவம்பர் 14, வியாழன்

கியர்பாக்ஸின் முன்தண்டான இன்புட் ஷாஃப்ட், பழையது ஒன்றைச் செருகிப் பிளேட்டை நடுவில் நிறுத்தி, போல்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார் அண்ணன். அப்படியும் கியர்பாக்ஸ் உட்காரவில்லை. ஒன்றரை மணி நேரம், மூன்று பேர், நிறைய கெட்ட வார்த்தை. கடைசியில் பையன் பின்னால் ஃப்ளாஞ்சைக் கையால் லேசாகத் திருப்பினான், தண்டின் ஸ்ப்ளைன் பற்கள் பிளேட்டில் கோத்துக்கொண்டு ‘டொக்’கென்று போய் உட்கார்ந்தது. புது சீல், புது 90 ஆயில். பிரீதரில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, பானெட்டுக்குள் உயரத்தில் கட்டிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

தாமரைக்கரை வரை போய் வந்தேன். மூன்றாம் கியரில் பிடித்து இழுக்கிறது, நெடி இல்லை. பிளேட் படியும்வரை சில நூறு கிலோமீட்டருக்குச் சுமை ஏற்றப் போவதில்லை. மாமனிடம் அடுத்த மூட்டைகளுக்கு பஸ்தான் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி அட்டை விரித்தேன். பெல் ஹவுஸிங்குக்குக் கீழே சுத்தம். ஸ்டீயரிங் பாக்ஸுக்குக் கீழே ஒரு சொட்டு.