பேரரசுகள் ஏன் சரிந்தன: மெயின்ஸுக்கு நான் படித்த விதம்

ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வான மெயின்ஸைத் தமிழில் எழுதியவன் நான். விருப்பப் பாடம் வரலாறு. "இன்ன பேரரசின் சரிவுக்குக் காரணங்கள் யாவை" என்று எந்தக் கேள்வி வந்தாலும் என்னிடம் ஒரு ரெடிமேட் விடை இருந்தது: பொருளாதார நலிவு, போர்ச் செலவு, தேசிய எழுச்சி, திறமையற்ற தலைமை. ஸ்பெயினுக்கும் அதே, துருக்கியின் ஒட்டோமானுக்கும் அதே, பிரிட்டனுக்கும் அதே. ஒரு மாதிரித் தேர்வில், திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "பிரிட்டனை அடித்துவிட்டு ரோம் என்று போட்டாலும் இது பொருந்தும்." 15க்கு 4. இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது சரிதான்.

பிறகு காரணங்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, பேரரசுக்கு ஒரு பக்கம் என்று மளிகைக் கடைக் கணக்கு மாதிரி எழுத ஆரம்பித்தேன். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அடியில் கடன். ஸ்பெயின் பக்கத்தில் வரவு, தென் அமெரிக்காவில் 1545இல் கண்டுபிடித்த பொட்டோசி சுரங்கத்தின் வெள்ளி. செலவு, 1568இல் தொடங்கி 1648வரை இழுத்த நெதர்லாந்துப் போர். கடன் வரிசையில் 1557, 1560, 1575, 1596: நான்கு தடவையும் மன்னர் இரண்டாம் பிலிப் கடனைத் திருப்ப முடியாமல் கைவிரித்த ஆண்டுகள். வெள்ளி வந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் வரப்போகும் வெள்ளியைக் காட்டி முன்கூட்டியே கடன் வாங்கியாகிவிட்டது. இப்படி எழுதிப் பார்த்த பிறகு ஸ்பெயினையும் ரோமையும் நான் குழப்பிக்கொள்ளவில்லை.

பிரிட்டனுக்கு ஒரு பக்கம் போதவில்லை. 1947க்கு மட்டுமே ஒன்று தேவைப்பட்டது. போரில் ஜெயித்த நாடு, 1945 டிசம்பரில் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டது. 1947 பிப்ரவரியில் கடுங்குளிர், நிலக்கரித் தட்டுப்பாடு. அந்த மாதம் 18ஆம் தேதி பாலஸ்தீனப் பிரச்சினையை ஐ.நா.விடம் விடுவதாக அறிவிப்பு. 20ஆம் தேதி, 1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டுப் போவதாக பிரதமர் அட்லியின் அறிவிப்பு. 21ஆம் தேதி, கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது என்று வாஷிங்டனுக்குக் குறிப்பு. நான்கே நாள்! கடன் நிபந்தனைப்படி ஜூலை 15 முதல் பவுண்டை டாலராக மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். டாலர் கையிருப்பு கரைந்தது, ஆகஸ்ட் 20இல் நிறுத்திவிட்டார்கள். நாம் கொடியேற்றி ஐந்தாம் நாள். போரின்போது நம்மிடம் வாங்கியதற்கு லண்டன் தரவேண்டிய பாக்கியே 100 கோடி பவுண்டுக்கு மேல் இருந்தது. இந்தியா பிரிட்டனிடம் கடன்பட்டிருந்த நிலை போய், பிரிட்டனுக்குக் கடன் கொடுத்த நாடாகிவிட்டது. இந்த ஒரு வரியை எழுதினால் திருத்துகிறவர் கண் நிற்கும்.

எகிப்தின் சூயஸ் கால்வாய்ச் சண்டையை எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் எகிப்து அதிபர் நாசரோடு நிறுத்திவிடுவார்கள். 1956 நவம்பரில் பிரிட்டன் படை கால்வாயோரம் இறங்கி முன்னேறிக்கொண்டுதான் இருந்தது. பவுண்டு சரிந்தபோது கைகொடுக்க அமெரிக்கா மறுத்தது. பிரிட்டன் பிரதமர் ஈடன் பின்வாங்கினார். அதையும் கணக்குப் பக்கத்தில்தான் எழுதிவைத்தேன்.

ஒட்டோமான் விஷயத்தில் மட்டும் கவனம். 1683இல் வியன்னாவில் தோற்றதும் வீழ்ச்சி ஆரம்பம் என்று எழுதிவிடுகிறோம். சுல்தான் ஆட்சி முடிந்தது 1922இல். 239 வருஷம் விழுந்துகொண்டே இருந்தது என்றால் கேட்கிறவர் சிரிப்பார். அத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கோணத்தில் ஒரு பத்தி வையுங்கள்.

அமெரிக்கா, சீனா பற்றி ஆரூடம் வேண்டாம். 1980களில் ஜப்பான் அமெரிக்காவை முந்திவிடும் என்று அடித்துச் சொன்னவர்கள் ஏராளம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. ஒரு பேரரசு தன்னால் தாங்க முடியாத அளவுக்குப் பரவுவதை நான் முதலில் 'மிகை ஏகாதிபத்திய விரிவாக்கம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அது எனக்கே புரியவில்லை. பிறகு 'வரவுக்கு மீறிய காவல்' என்று மாற்றினேன். அடுத்த மாதிரித் தேர்வில் அதே திருத்துநர், அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டு ஒரு டிக் வைத்திருந்தார். 15க்கு ஏழரை.