தனி எர்த் போட்ட கதை

முதல் ராடின் தலை காளான் மாதிரி விரிந்துபோயிருந்தது. எட்டடி நீளம், 16 மில்லிமீட்டர் கனம், மேலே செம்பு ஏற்றிய எஃகு ராட், எர்த்துக்காக மண்ணில் அடிப்பது. ஏணியில் நின்று ஆரம்பித்து, சம்மட்டியால் அடித்து அடித்து, ஒரு சாண் மட்டும் வெளியே தெரியும்வரை இறக்கிவிட்டேன். அப்புறம்தான் வயரை ராடோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கையில் எடுத்தேன். நுழையவில்லை. அடிப்பதற்கு முன்பே அதை ராடில் கோத்துவிட்டிருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை, அது வேறு விஷயம். அரத்தை வைத்துக்கொண்டு மண்டியிட்டு முக்கால் மணி நேரம் ராவினேன்.

ராவி முடித்து, ஆன்டெனா கேபிளின் மேலுறையை அந்த ராடோடு இணைத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். ரேடியோவுக்கென்று தனி எர்த்! வீட்டு வயரிங்கின் இரைச்சல் ரேடியோவுக்குள் வராது என்பது என் கணக்கு. அலைவரிசையில் என்னோடு பல வருஷம் பேசிவந்த மூத்த ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) ஒருவர் நேரில் வந்தபோது அதைக் காட்டினேன். அவர் ராடைப் பார்க்கவில்லை, மீட்டர் பெட்டி இருக்கும் பக்கம் பார்த்தார்.

“இது வீட்டு எர்த்தோட சேர்ந்திருக்கா?”

“இல்லீங்க சார், தனி.”

“சரி, அப்போ மின்னல் வந்தா உங்க ரேடியோதான் ரெண்டையும் சேர்த்து வைக்கும்.”

அன்று ராத்திரி காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ராடின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னலில் 10,000 ஆம்பியர் அதில் இறங்கினால், ராடின் தலையில் இரண்டு லட்சம் வோல்ட். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டு எர்த் அந்த அளவுக்கு ஏறியிருக்காது. என் ரேடியோவின் பெட்டியோ கேபிள் வழியாக இந்த ராடிலும், மூன்று முள் பிளக் வழியாக வீட்டு எர்த்திலும் தொட்டுக்கொண்டிருக்கிறது. மின்னோட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேறு வழி எதற்கு?

ஆக, இரண்டையும் இணைத்தே ஆக வேண்டும். வீட்டைச் சுற்றி 14 மீட்டர் பள்ளம் வெட்டினேன். வழியில் இன்னும் இரண்டு ராட், ஐந்தைந்து மீட்டர் இடைவெளியில். நெருக்கமாக அடித்தால் இரண்டு ராடும் ஒரே மண்ணைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். நீளத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி இருந்தால்தான் போட்ட காசுக்குப் பலன். இந்த முறை கிளாம்பைக் கோத்துவிட்டுத்தான் சம்மட்டியைத் தொட்டேன்.

இணைப்புக்கு உருண்டைக் கம்பி வேண்டாம், அகலமான செப்புப் பட்டை போடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். மின்னலின் வேகத்தில் கம்பியின் ஓம் தடையைவிட அதன் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்தான் பெரிய தொல்லை. கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி. 10,000 ஆம்பியர் ஒரு மைக்ரோ நொடியில் ஏறினால், ஒவ்வொரு மீட்டர் கம்பிக்கும் 10,000 வோல்ட் குறுக்கே நிற்கும். பட்டையில் இது குறையும். மூலைகளில் செங்கோணமாக மடிக்காமல் பெரிய வளைவாக விட்டதும் அதனால்தான். எங்கேயும் ஈயப்பற்று வைக்கவில்லை. அது 183 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும். தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும். எல்லாமே போல்ட் போட்ட கிளாம்புகள். துத்தநாகம் பூசிய ஆன்டெனா கம்பத்தைச் செம்பு நேராகத் தொட்டால் ஈரத்தில் துத்தநாகம் அரித்துப்போகும் என்று நடுவே ஒரு ஸ்டெயின்லெஸ் தகடு வைத்தேன். மீட்டர் பக்கத்து இணைப்பை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு சிக்னல் கூடியதா என்று கேட்பவர்களுக்கு: துளிகூட இல்லை. ரேடியோ மாடியில் இருக்கிறது. 28 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் இரண்டரை மீட்டர் சொச்சம்தான். அந்த நீள எர்த் வயர் கீழே மண்ணைத் தொட்டாலும், மேல் நுனியில் ஆர்எஃப்புக்கு (ரேடியோ அதிர்வெண் மின்னோட்டத்துக்கு) எர்த்தே இல்லாத மாதிரிதான். சிக்னலுக்கு, ஆன்டெனாவின் அடியிலிருந்து சுற்றிலும் விரியும் ரேடியல் கம்பிகள் போடுங்கள், ராட் வேறு வேலைக்கு.

கேபிள்கள் நுழையும் இடத்தில் ஒரே தகட்டில், மின்னலை எர்த்துக்குத் திருப்பிவிடும் அரெஸ்டர்களை வரிசையாக மாட்டியிருக்கிறேன். ஆனாலும் வானம் கறுக்கத் தொடங்கினால், முதல் இடிக்கு முன்பே கேபிளையும் பிளக்கையும் கழற்றிவிடுகிறேன்.